கணினி கேள்வி–பதில்: ஓப்பன்சிவியை நாமே கம்பைல் செய்ய வேண்டுமா?

படங்களையும் காணொளிகளையும் நிரல் வழியே ஆராய உதவும் ஓப்பன்சிவி லைப்ரரியை மேசைக் கணினியில் நிறுவுவது பற்றி வந்த கேள்விகளுள், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: நான் இறுதியாண்டுப் பொறியியல் மாணவி. வெப்கேமராவில் தெரியும் வாகனங்களின் எண் பலகையைப் படித்தறியும் செயல்திட்டம் ஒன்றைப் பைத்தானில் எழுதுகிறேன். ஓப்பன்சிவியை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தால்தான் (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு நாமே மாற்றினால்தான்) முழு வேகம் கிடைக்கும் என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் ‘பிப்’ கட்டளை ஒன்றே போதும் என்கிறார் எங்கள் சீனியர் அக்கா. என் கணினியில் உபுண்டு 24.04 இருக்கிறது, நினைவகம் 4 ஜிபி. யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் தேவைக்கு அக்கா சொல்வதே பொருந்தும். பேராசிரியர் சொல்வதும் ஆதாரமற்றது அன்று. ஆனால் அந்த ஆதாரம் பழையது. 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிய இந்த லைப்ரரி சி, சி++ நிரலர்களுக்காக எழுதப்பட்டது. பைத்தானுக்கான ஆயத்தத் தொகுப்புகள் எளிதில் கிடைக்காத ஆண்டுகளில் லினக்ஸ் பயனர்கள் அதைத் தாங்களே கம்பைல் செய்துதான் பயன்படுத்தினார்கள். அக்காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருப்பதால், தேவையில்லாதவர்களும் அதே பாதையில் போகிறார்கள்.

வேகத்தைப் பற்றிய நம்பிக்கையும் பெரும்பாலும் தவறானது. 64-பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்காக ஓப்பன்சிவி கம்பைல் செய்யப்படும்போது, எஸ்எஸ்இ3 என்ற குறைந்தபட்சக் கட்டளைத் தொகுதியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஏவிஎக்ஸ்2 போன்ற மேம்பட்ட தொகுதிகளுக்கான நிரல் துண்டுகளையும் அதே கோப்பினுள் சேர்த்துவிடுகிறது. நிரல் ஓடும் நேரத்தில் உங்கள் செயலி எதைத் தாங்கும் என்று பார்த்து, உரிய துண்டை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஆகவே அதே செயலியில் நீங்களே கம்பைல் செய்வதால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் கூடிவிடாது.

பிப் வழியாக நான்கு தொகுப்புகள் கிடைக்கின்றன. ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ முதன்மை மாட்யூல்கள் (பகுதிகள்) மட்டும் கொண்டது. ‘ஓப்பன்சிவி-கான்ட்ரிப்-பைத்தான்’ கூடுதல் மாட்யூல்களையும் சேர்த்தது. இவ்விரண்டுக்கும் திரையில் சாளரம் திறக்காத, சர்வர்களுக்கேற்ற ‘ஹெட்லெஸ்’ வடிவங்கள் தனியே உண்டு. நான்கும் பைத்தானுக்குள் ‘சிவி2’ என்ற ஒரே பெயரில்தான் அமர்கின்றன. எனவே ஏதேனும் ஒன்றை மட்டும் நிறுவுங்கள். இரண்டை நிறுவினால் ஒன்றன் கோப்புகளை மற்றொன்று அழித்தெழுதிவிடும். பிறகு வரும் பிழைகளுக்குக் காரணம் கண்டுபிடிப்பது கடினம். உபுண்டு 23.04 முதல், கணினியின் பொதுப் பைத்தானில் பிப் நேரடியாக எதையும் நிறுவ அனுமதிப்பதில்லை. ஆதலால் ‘வீஎன்வி’ கொண்டு தனிச்சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவிக்கொள்ளுங்கள்.

என்விடியா வரைகலை அட்டையின் கணிப்புத்திறனைப் பயன்படுத்த வேண்டியவர்கள், ஜிஸ்ட்ரீமர் என்ற காணொளி மென்பொருள் வழியாகக் கேமராவை இணைக்க வேண்டியவர்கள், காணொளியை எச்.264 வடிவில் எழுத வேண்டியவர்கள், காப்புரிமை காரணமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் ‘சர்ஃப்’ போன்ற, படத்தின் அடையாளப் புள்ளிகளைக் கண்டறியும் முறைகள் வேண்டியவர்கள் ஆகியோருக்கே கம்பைல் செய்ய வேண்டிய காரணம் இருக்கிறது. லினக்ஸுக்கான பிப் தொகுப்பில் உள்ள எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி லைப்ரரி, உரிமக் கட்டுப்பாட்டால், எச்.264 வடிவில் எழுதும் எக்ஸ்264 இல்லாமல் வருவதே எச்.264 சிக்கலுக்குக் காரணம். சர்ஃப் வகையையே சேர்ந்த ‘சிஃப்ட்’ முறைக்காகக் கம்பைல் செய்யச் சொல்லும் வழிகாட்டியைக் கண்டால் மூடி வைத்துவிடலாம். அதன் காப்புரிமை மார்ச் 2020-இல் காலாவதியாகி, 4.4.0 பதிப்பிலிருந்து அது முதன்மை லைப்ரரியிலேயே இருக்கிறது. எண் பலகையைப் படிக்க இவற்றில் எதுவும் உங்களுக்குத் தேவைப்படப் போவதில்லை.

கேள்வி: எங்கள் பட்டறையில் வார்ப்புப் பாகங்களின் மேற்பரப்பில் உள்ள குறைகளைக் கேமரா மூலம் கண்டறியும் நிரலை சி++ மொழியில் எழுத விரும்புகிறோம். கூடுதல் மாட்யூல்களும் தேவைப்படுவதால், உபுண்டுக் கணினி ஒன்றில் கம்பைல் செய்வதென்று முடிவு செய்துவிட்டோம். தொடக்கத்திலிருந்து முறையாகச் சொல்வீர்களா?
— ஒரு பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஒரு மாற்று வழி. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே ‘லிப்ஓப்பன்சிவி-டெவ்’ என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் கான்ட்ரிப் மாட்யூல்களும் அடங்கும். உபுண்டு 22.04-இல் 4.5.4 பதிப்பும் 24.04-இல் 4.6.0 பதிப்பும் கிடைக்கின்றன. இந்தப் பழமை உங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால், உபுண்டுவில் தொகுப்புகளை நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை ஒன்றோடு வேலை முடிந்தது. புதிய பதிப்புதான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

கம்பைலர் முதலானவற்றுக்கு ‘பில்டு-எசென்ஷியல்’, கட்டமைப்புக்கு ‘சிமேக்’, மூலநிரலைப் பெற ‘கிட்’, பிற லைப்ரரிகளைத் தேடிக் கண்டுபிடிக்க ‘பிகேஜி-கான்ஃபிக்’ ஆகியவற்றை நிறுவுங்கள். திரையில் சாளரம் காட்ட ‘லிப்ஜிடிகே-3-டெவ்’ தேவை. காணொளிக்கு ‘லிப்ஏவிகோடெக்-டெவ்’, ‘லிப்ஏவிஃபார்மட்-டெவ்’, ‘லிப்ஸ்வஸ்கேல்-டெவ்’ ஆகிய மூன்றும் வேண்டும். பெயரின் இறுதியில் ‘டெவ்’ உள்ள தொகுப்புகளில்தான் கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் இருக்கின்றன. கணினியில் காணொளி நன்றாக ஓடுகிறதே என்று எண்ணி இவற்றை விட்டுவிடுபவர்கள் பலர்.

அடுத்து, கிட்ஹப்பிலிருந்து ஓப்பன்சிவி, ஓப்பன்சிவி-கான்ட்ரிப் ஆகிய இரண்டு களஞ்சியங்களையும் அருகருகே இறக்கி, இரண்டையும் ஒரே பதிப்புக் குறிக்கு மாற்றுங்கள். ஒன்றில் 4.10.0 என்றால் மற்றதிலும் அதே 4.10.0 இருக்க வேண்டும். ஒன்று நிலையான பதிப்பாகவும் மற்றது நேற்றுவரை மாற்றப்பட்ட கிளையாகவும் இருந்தால், கம்பைலர் பாதி வழியில் புரியாத பிழைகளைக் கொட்டும். அதன்பின் ஓப்பன்சிவி கோப்புறைக்குள் ‘பில்டு’ என்று ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள்ளிருந்து சிமேக்கை இயக்குங்கள். மூலநிரலோடு இடைக்காலக் கோப்புகள் கலக்காமல் இருக்கவும், தவறு நேர்ந்தால் அந்த ஒரு கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கவும் இது உதவும்.

சிமேக்குக்குத் தர வேண்டிய தேர்வுகள் அதிகமில்லை. கூடுதல் மாட்யூல்களின் பாதையாகக் கான்ட்ரிப் கோப்புறையைத் தராமல், அதற்குள் இருக்கும் ‘மாட்யூல்ஸ்’ என்ற உட்கோப்புறையைத் தர வேண்டும். சோதனை நிரல்களும் செயல்திறன் சோதனைகளும் ‘ஆஃப்’ என்று இருக்கட்டும். அவற்றைக் கம்பைல் செய்யும் நேரம் உங்களுக்கு வீண். ‘ஓப்பன்சிவி ஜெனரேட் பிகேஜிகான்ஃபிக்’ என்ற தேர்வை ‘ஆன்’ செய்யுங்கள். 4-ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாக அணைந்தே இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய மாட்யூல்கள் எவையென்று உறுதியாகத் தெரிந்தால், ‘பில்டு லிஸ்ட்’ தேர்வில் அவற்றை மட்டும் குறிப்பிட்டுக் காத்திருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

சிமேக் ஓடும்போது இன்டெலின் ஐபிபி தொகுப்பு உள்ளிட்ட சில கோப்புகளை இணையத்திலிருந்து தானே இறக்கும். நிறுவன வலையமைப்பில் தடுப்புச் சுவர் இருந்தால் இங்கே தடங்கல் வரலாம். எந்தக் கோப்பு வரவில்லை என்பதை ‘பில்டு’ கோப்புறையில் உள்ள ‘சிமேக்-டவுன்லோடு-லாக்’ கோப்பில் பார்க்கலாம்.

இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது. பெரும்பாலோர் அவசரப்பட்டுத் தாண்டிச் செல்வதும் இதைத்தான். சிமேக் முடியும்போது திரையில் ஒரு நீண்ட அறிக்கையை அச்சிடும். ‘உருவாக்கப்படவிருப்பவை’, ‘முடக்கப்பட்டவை’, ‘கிடைக்காதவை’ என்ற பொருளில் மாட்யூல்களின் மூன்று பட்டியல்கள் அதில் இருக்கும். அவற்றுக்குக் கீழே சாளர முறை, பட வடிவங்கள், காணொளி, பைத்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று போட்டிருக்கும். எஃப்எஃப்எம்பெக்கின் எதிரே ‘நோ’ என்றிருந்தால் சிமேக் அதைப் பிழையாகக் கருதாது. அந்த வசதியை விட்டுவிட்டு அமைதியாக முடித்துவிடும். கம்பைலரும் ஒரு குறையும் சொல்லாது. கடைசியில் உங்கள் நிரல் காணொளிக் கோப்பைத் திறக்க மறுக்கும்போதுதான் சிக்கல் வெளிப்படும். ஆகவே உங்களுக்கு வேண்டியவை அனைத்துக்கும் எதிரே ‘யெஸ்’ வரும்வரை கம்பைலைத் தொடங்கும் ‘மேக்’ கட்டளையைத் தொடாதீர்கள். குறை தெரிந்தால் உரிய தொகுப்பை நிறுவி, ‘சிமேக்-கேஷ்’ கோப்பை நீக்கிவிட்டு, சிமேக்கை மறுபடி இயக்குங்கள். அறிக்கையை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் பயன்படும்.

பின்னர் ‘மேக்’, அதையடுத்து நிர்வாகி உரிமையோடு ‘மேக் இன்ஸ்டால்’, முடிவில், புதிய லைப்ரரிகளைக் கணினிக்கு அறிவிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’. இந்த மூன்றாவதை மறந்தால், நிரல் சரியாகக் கம்பைல் ஆன பிறகும், ஓடத் தொடங்கும்போது ‘லிப்ஓப்பன்சிவி-கோர்’ கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வரும். உங்கள் நிரலின் சிமேக் கோப்பில் ‘ஃபைண்ட் பேக்கேஜ்’ வரியில் ஓப்பன்சிவியைக் குறிப்பிட்டால் போதும். கணினியில் ஆப்ட் வழி வந்த பதிப்பும் இருந்தால், ‘ஓப்பன்சிவி டிர்’ என்ற மாறியில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று பாதையோடு சொல்லிவிடுவது நல்லது. பழைய பாடநூல்களைப் பார்த்து நிரல் எழுதுவீர்களானால் இன்னொரு எச்சரிக்கை: ‘சிவி’ என்று தொடங்கும் பழைய நிற மாற்றக் குறிப்பெயர்கள், 4-ஆம் பதிப்பின் வழக்கமான தலைப்புக் கோப்புகளில் இல்லை. ‘கலர்’ என்று தொடங்கும் புதிய பெயர்களையே எழுத வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகளில் பயன்படும் கேமராக்கள் பலவும் சாதாரண வெப்கேமரா போல ஓப்பன்சிவியில் நேரடியாகத் திறக்காது. கேமரா நிறுவனம் தரும் மென்பொருள் கருவித்தொகுப்பின் மூலம் படத்தைப் பெற்று, அதன் நினைவிடத்தை ஓப்பன்சிவியின் ‘மேட்’ வடிவத்தில் சுற்றி எடுத்துக்கொள்வதே வழக்கம். கேமராவை வாங்கும் முன்பே அந்தக் கருவித்தொகுப்பு லினக்ஸில் இயங்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டு, எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிரலில், படத்தைத் திரையில் காட்டும் ‘இம்ஷோ’ வரியை எட்டியதும், “இந்தச் செயற்கூறு உருவாக்கப்படவில்லை, விண்டோஸ், ஜிடிகே அல்லது கோகோ ஆதரவுடன் லைப்ரரியை மீண்டும் உருவாக்குக” என்று பிழை வருகிறது. ‘லிப்ஜிடிகே’ தொகுப்பை நிறுவிய பிறகும் போகவில்லை.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: கம்பைல் முடிந்த பிறகு ஜிடிகேயை நிறுவியிருக்கிறீர்கள். உருவாகிவிட்ட லைப்ரரிக்குள் அது தானாகப் போய்ச் சேராது. சிமேக்கை மறுபடி இயக்கி, அறிக்கையின் ‘ஜியுஐ’ பகுதியில் ஜிடிகே இடம்பெற்றிருப்பதைப் பார்த்துவிட்டு, மீண்டும் கம்பைல் செய்து நிறுவுங்கள். நீங்கள் பிப் மூலம் நிறுவியவர் என்றால் காரணம் வேறு: ‘ஹெட்லெஸ்’ தொகுப்பு உள்ளே நுழைந்திருக்கிறது. வேறொரு பைத்தான் தொகுப்பை நிறுவும்போது அதன் சார்பாக இது வந்து உட்கார்ந்துகொள்வது உண்டு. ஓப்பன்சிவி என்று பெயருள்ள அனைத்தையும் பிப்பிலிருந்து நீக்கிவிட்டு, சாளர வசதி உள்ள ஒன்றை மட்டும் நிறுவுங்கள்.

கேள்வி: கம்பைல் பாதிக்கு மேல் சென்றபின் கணினி உறைந்துபோகிறது, சற்று நேரம் கழித்து ‘சிசி1ப்ளஸ்’ கொல்லப்பட்டது என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. எட்டு இழைகள் உள்ள செயலி. நினைவகம் 4 ஜிபி. கம்பைலரில் கோளாறா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கம்பைலரில் கோளாறு இல்லை, நினைவகம் தீர்ந்துவிட்டது. ‘மேக்’ கட்டளைக்கு ‘ஜே8’ என்று கொடுத்திருப்பீர்கள். அப்போது எட்டுக் கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓடும். சி++ வார்ப்புருக்கள் நிறைந்த கோப்புகளும், பைத்தான் இணைப்புக்காகத் தானாக உருவாக்கப்படும் பெருங்கோப்பும் ஒவ்வொன்றும் கணிசமான நினைவகத்தைக் கேட்கும். இடம் இல்லாதபோது லினக்ஸ் கெர்னல் பெரிய நிரல் ஒன்றைத் தேர்ந்து கொன்றுவிடும். ‘டிமெசேஜ்’ கட்டளையின் வெளியீட்டில் இதற்கான பதிவு இருக்கும்.

‘ஜே2’ என்று குறைத்து மீண்டும் ‘மேக்’ கொடுங்கள். முடிந்த கோப்புகளை அது திரும்பக் கம்பைல் செய்யாது. நின்ற இடத்திலிருந்து தொடரும். அப்போதும் நின்றால், வன்தட்டில் 4 ஜிபி அளவுக்கு நினைவகத்துக்குத் துணையாகும் ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கி இயக்கிக்கொள்ளுங்கள். வேகம் குறையும், ஆனால் வேலை முடியும். நினைவகத்தையும் இழைகளையும் ஒப்பிட்டு, ஓர் இழைக்கு ஏறத்தாழ 2 ஜிபி என்ற கணக்கில் தொடங்குவது பாதுகாப்பானது.

கேள்வி: எல்லாம் பிழையின்றி முடிந்தது, சி++ நிரல்களும் ஓடுகின்றன. பைத்தானில் ‘சிவி2’-வை இறக்குமதி செய்தால் மட்டும் அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்கிறது. கணினியில் அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பும் இருக்கிறது.
— ஓர் ஆய்வு மாணவர், சென்னை

பதில்: கடிதத்தின் கடைசி வாக்கியத்திலேயே விடைக்கான தடயம் இருக்கிறது. உங்கள் கணினியில் உபுண்டுவின் பைத்தான் ஒன்று, அனகோண்டாவின் பைத்தான் ஒன்று என்று குறைந்தது இரண்டு உள்ளன. சிமேக் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்காக உருவாக்கியிருக்க, நீங்கள் மற்றொன்றில் தேடுகிறீர்கள். அறிக்கையின் ‘பைத்தான் 3’ பகுதியில் இயக்கி, லைப்ரரி, நம்பை (எண் அணிகளுக்கான பைத்தான் லைப்ரரி), நிறுவும் பாதை என்று நான்கு வரிகள் இருக்கும். நான்கும் ஒரே பைத்தானைக் குறிக்க வேண்டும். உருவாக்கப்படவிருக்கும் மாட்யூல்களின் பட்டியலில் ‘பைத்தான்3’ இல்லாவிட்டால், இணைப்புக் கோப்பே உருவாகவில்லை என்று பொருள். பெரும்பாலும் நம்பை நிறுவப்படாததோ ‘பைத்தான்3-டெவ்’ இல்லாததோ இதற்குக் காரணமாக இருக்கும்.

நான் பரிந்துரைப்பது இது: அனகோண்டாச் சூழலை அணைத்துவிட்டு, வீஎன்வி தனிச்சூழல் ஒன்றில் நம்பையை நிறுவி, அந்தச் சூழல் இயங்கும் நிலையிலேயே, ‘பைத்தான்3 எக்ஸிகியூட்டபிள்’ தேர்வில் அதன் பாதையைக் கொடுத்துச் சிமேக்கை இயக்குங்கள். அனகோண்டா இயங்கிக்கொண்டிருக்கும்போது கம்பைல் செய்தால், டிஃப் போன்ற பட லைப்ரரிகளின் அனகோண்டாப் பிரதிகளையும் சிமேக் எடுத்துக்கொள்ளும். பிறகு இணைப்பு நிலையில் ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்ற வகைப் பிழைகள் வரிசையாக வரும்.

உருவாகும் இணைப்புக் கோப்பின் பெயரிலேயே பைத்தான் பதிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். 3.10-க்காக உருவானது 3.12-இல் ஏறாது. நம்பையிலும் கவனம் தேவை: ஜூன் 2024-இல் வந்த நம்பை 2.0-க்கு முந்தைய பதிப்பைக் கொண்டு கம்பைல் செய்த மாட்யூல், புதிய நம்பையோடு இயங்காது. நம்பையை உயர்த்தினால் ஓப்பன்சிவியையும் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: என்னிடம் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 வரைகலை அட்டை உள்ளது. அந்த அட்டையிலேயே கணக்கிட உதவும் குடா ஆதரவோடு கம்பைல் செய்தேன். இரவு முழுவதும் ஓடியது. ஆனாலும் பொருள்களைக் கண்டறியும் நரம்பு வலையமைப்பு முன்பு போலவே மெதுவாக ஓடுகிறது.
— ஒரு மென்பொருள் பணியாளர், ஓசூர்

பதில்: இதில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஓடுவது நீங்கள் கம்பைல் செய்த ஓப்பன்சிவிதானா? பைத்தானில் ‘கெட் பில்டு இன்ஃபர்மேஷன்’ செயற்கூற்றை அச்சிட்டுப் பாருங்கள். சிமேக் அறிக்கை அப்படியே லைப்ரரிக்குள் பதிந்திருக்கும். அதில் என்விடியா குடா பகுதி இல்லையென்றால், முன்பு பிப் மூலம் நிறுவிய தொகுப்பே இன்னும் முன்னால் நிற்கிறது. பிப் தொகுப்புகளில் குடா ஆதரவு கிடையாது. அதை நீக்குங்கள்.

இரண்டாவது, நரம்பு வலையமைப்புப் பகுதி குடாவோடு சேர்த்துக் கம்பைல் ஆகியிருக்கிறதா? ‘வித் குடா’ என்ற தேர்வு பட மாற்றங்களுக்கான பகுதியை மட்டுமே இயக்கும். நரம்பு வலையமைப்புக்கு என்விடியாவின் கு-டிஎன்என் லைப்ரரியைத் தனியே நிறுவி, ‘வித் கு-டிஎன்என்’, ‘ஓப்பன்சிவி டிஎன்என் குடா’ ஆகிய இரண்டையும் ‘ஆன்’ செய்திருக்க வேண்டும். இந்த வசதி 4.2 பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. கான்ட்ரிப் களஞ்சியமும் கட்டாயம் வேண்டும். 4-ஆம் பதிப்பிலிருந்து குடா மாட்யூல்கள் அங்கேதான் இருக்கின்றன. மூன்றாவது, நிரலுக்குள் பின்புலமாகவும் இலக்காகவும் குடாவைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா? குறிப்பிடாவிட்டால் செயலியிலேயே ஓடும். குறிப்பிட்டும் லைப்ரரியில் ஆதரவு இல்லையென்றால், ‘செயலிக்கு மாறுகிறேன்’ என்று டெர்மினலில் ஒரு வரி எச்சரிக்கையோடு தொடர்ந்து ஓடும். அந்த ஒரு வரி மற்ற அச்சுகளுக்கிடையே எளிதில் கண்ணில் படாமல் போகிறது.

இரவு முழுவதும் ஓடியதற்குக் காரணம், எல்லாத் தலைமுறை அட்டைகளுக்கும் சேர்த்துக் குடா நிரலைக் கம்பைல் செய்ததாக இருக்கலாம். ‘குடா ஆர்ச் பின்’ தேர்வில் உங்கள் அட்டைக்குரிய 7.5 என்ற எண்ணை மட்டும் கொடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருப்பவர்களுக்கு 8.6, ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 8.9. தவறான எண்ணைக் கொடுத்தால் நிரல் ஓடாமல் போகலாம். அல்லது முதல் முறை தொடங்க நெடுநேரம் எடுக்கலாம். ஒவ்வொரு குடா பதிப்பும் ஜிசிசி கம்பைலரின் குறிப்பிட்ட ஒரு பதிப்புவரைதான் ஏற்றுக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஆதரிக்கப்படாத குனு பதிப்பு’ என்று பிழை வந்தால், பழைய ஜிசிசியைக் கூடவே நிறுவி அதைச் சிமேக்குக்குக் காட்டுவதே வழி. குடாவின் தலைப்புக் கோப்பைத் திருத்தி அந்தச் சோதனையை ஏமாற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். வேகத்தை அளக்கும்போது முதல் படத்துக்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அட்டையைத் தயார் செய்யும் நேரமும் அதில் அடங்கியிருக்கும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் புதிய கணினி ஒன்றில் கம்பைல் செய்து, அந்தக் கோப்புகளை மற்றக் கணினிகளுக்கு நகலெடுத்தோம். சிலவற்றில் சரியாக இயங்குகிறது. பழைய கணினிகளில் ‘இந்த ஓப்பன்சிவி தற்போதைய செயலியை ஆதரிக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது.
— ஓர் ஆய்வக உதவியாளர், திருச்சி

பதில்: ‘சிபியு பேஸ்லைன்’ என்ற தேர்வில் யாரோ ஏவிஎக்ஸ்2 என்று கொடுத்திருக்கிறார்கள், அல்லது புதிய கணினியின் திறன் முழுவதையும் அடிப்படையாக எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்டெல் செயலிகளில் ஏவிஎக்ஸ்2 வந்தது 2013-இன் ஹாஸ்வெல் தலைமுறையில். அதற்கு முந்தைய ஐ3, ஐ5 செயலிகளில் அது கிடையாது. பிற்காலத்திய பென்டியம், செலரான் வகைகள் பலவற்றிலும் இல்லை. அந்தத் தேர்வை நீக்கி, இயல்பு நிலையில் மீண்டும் கம்பைல் செய்யுங்கள். புதிய கணினிகள் வேகமாக ஓடும். பழையவை தம்மால் இயன்ற வேகத்தில் ஓடும். கம்பைலர் கொடிகளில் ‘மார்ச்-நேட்டிவ்’ என்று சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதனால் வரும் கோளாறு இவ்வளவு தெளிவாகப் பேசாது, ‘செல்லாத கட்டளை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிரல் செத்துவிடும். எல்லாக் கணினிகளிலும் ஒரே உபுண்டு பதிப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படத்தின்மேல் தமிழில் பெயர் எழுத ‘புட்டெக்ஸ்ட்’ பயன்படுத்தினால் கேள்விக்குறிகளாக வருகின்றன. கம்பைல் செய்யும்போது தமிழுக்கென்று ஏதேனும் தேர்வு இருக்கிறதா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தமிழுக்கென்று தனித் தேர்வு இல்லை; ஆனால் உதவும் மாட்யூல் ஒன்று உண்டு. வழக்கமான ‘புட்டெக்ஸ்ட்’ ஹெர்ஷி எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறது. அவை கோடுகளால் ஆன ஆங்கில எழுத்து வடிவங்கள். தமிழ் வடிவங்கள் அவற்றில் இல்லாததால் எந்தத் தேர்வைக் கொடுத்தாலும் கேள்விக்குறிதான் வரும்.

கான்ட்ரிப் களஞ்சியத்தில் உள்ள ‘ஃப்ரீடைப்’ மாட்யூல், நீங்கள் தரும் எழுத்துருக் கோப்பிலிருந்து வரைகிறது. எழுத்துகளை ஒழுங்குபடுத்த ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியையும் அது பயன்படுத்துகிறது. தமிழுக்கு இந்த ஹார்ஃப்பஸ்தான் உயிர்நாடி. ‘கொ’ என்பது நினைவகத்தில் ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியுமாகவே இருக்கிறது. ஒற்றைக் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று அதைப் பிரித்து நிறுத்தும் வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. ‘லிப்ஃப்ரீடைப்-டெவ்’, ‘லிப்ஹார்ஃப்பஸ்-டெவ்’ ஆகிய இரண்டையும் நிறுவியபின் சிமேக்கை இயக்கி, உருவாக்கப்படவிருக்கும் மாட்யூல்களின் பட்டியலில் ‘ஃப்ரீடைப்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டில் ஒன்று அகப்படவில்லை.

பைத்தானில் எழுதுபவர் என்றால் இதற்காக மட்டும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. பில்லோ என்ற பைத்தான் பட லைப்ரரியில் எழுத்தை வரைந்து, அந்தப் படத்தை நம்பை அணியாக மாற்றி ஓப்பன்சிவிக்குத் தரலாம். பில்லோவில், எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ‘ராக்ம்’ வசதி இயங்குகிறதா என்று அதன் ‘ஃபீச்சர்ஸ்’ மாட்யூல் மூலம் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதற்கு ஃப்ரிபிடி லைப்ரரி கணினியில் இருக்க வேண்டும். ராக்ம் இல்லாமல் வரைந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நிற வரிசையையும் மறவாதீர்கள்: பில்லோவில் சிவப்பு முதலில் வரும், ஓப்பன்சிவியில் நீலம் முதலில் வரும்.

கேள்வி: விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவோடு பயன்படுத்தவும் கம்பைல் செய்தே ஆக வேண்டுமா?
— ஒரு மாணவர், வேலூர்

பதில்: வேண்டியதில்லை. ஓப்பன்சிவி வெளியிடும் விண்டோஸ் தொகுப்பை இறக்கி விரித்தால், 64-பிட் லைப்ரரிகள் கம்பைல் செய்யப்பட்ட நிலையிலேயே இருக்கும். அதன் ‘பின்’ கோப்புறையை ‘பாத்’ மாறியில் சேர்த்தால் போதும். ‘ஓப்பன்சிவி வேர்ல்டு’ என்ற கோப்பு அங்கே இரண்டு வடிவங்களில் இருக்கும். பெயரின் இறுதியில் ‘டி’ உள்ளது பிழைதிருத்த நிலைக்கு, இல்லாதது வெளியீட்டு நிலைக்கு. இரண்டையும் மாற்றி இணைத்தால் நிரல் தொடங்கும், ஆனால் படத்தைத் திறக்கும்போது விசித்திரமாக நடந்துகொள்ளும். மின்ஜிடபிள்யூ கம்பைலர் பயன்படுத்துபவர்களுக்கும் கான்ட்ரிப் மாட்யூல்கள் வேண்டியவர்களுக்கும் இந்தத் தொகுப்பு உதவாது. கான்ட்ரிப் வேண்டியவர்கள் மைக்ரோசாஃப்டின் விசிபேக்கேஜ் கருவியை நாடலாம்.

கேள்வி: கம்பைல் செய்து நிறுவிய பழைய பதிப்பை முழுமையாக நீக்குவது எப்படி?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முன்பு கம்பைல் செய்த ‘பில்டு’ கோப்புறை இன்னும் இருந்தால், அதற்குள் சென்று நிர்வாகி உரிமையோடு ‘மேக் அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். நிறுவும்போது எழுதப்பட்ட ‘இன்ஸ்டால்-மேனிஃபெஸ்ட்’ பட்டியலைப் பார்த்து, அதில் உள்ள கோப்புகளை அது நீக்கும். கோப்புறையை அழித்துவிட்டீர்களென்றால், அதே பதிப்பை அதே தேர்வுகளோடு மீண்டும் கம்பைல் செய்து நிறுவி, உடனே நீக்குவதுதான் பாதுகாப்பான வழி. ‘யூஎஸ்ஆர்-லோக்கல்’ கோப்புறைக்குள் கையால் தேடி அழிக்கத் தொடங்கினால், வேறு நிரல்களின் கோப்புகளும் சேர்ந்து போய்விடும் அபாயம் உண்டு. புதிய பதிப்பை நிறுவும்போது ‘சிமேக் இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ்’ தேர்வில் உங்கள் இல்லக் கோப்புறைக்குள் தனி இடம் ஒன்றைக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அந்த ஒரு கோப்புறையை நீக்கினாலே போதும். நிர்வாகி கடவுச்சொல்லும் தேவைப்படாது.